மண்ணுக்குள் புதைந்த குழாயின் பூச்சு எங்கே கிழிந்திருக்கிறது?

சென்ற விடுமுறையில் இலங்கை மலைநாட்டிலுள்ள தலவாக்கலைக்கு வந்திருந்தபோது என் தாய்மாமா கேட்டார்: "ஏன் மருமகனே, அந்தப் பாலைவனத்தில் இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு நடப்பதாகச் சொல்கிறாயே, குழாயில் கசிவு தேடுகிற வேலைதானே அது?"

"இல்லை மாமா. புதைத்த உருக்குக் குழாயின் பூச்சு எங்கே கிழிந்திருக்கிறது என்று, தோண்டாமல் மேலே நடந்தே கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கசிவு வந்துவிட்டால் அங்கே எனக்கு வேலையே இல்லை."

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பிட்டராக இருந்தவர். இரும்பையும் தண்ணீரையும் கையால் அறிந்தவர். அவருக்கே இந்த வேலை புரியவில்லை என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்ரே போல மண்ணுக்குள் படம் எடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு. குழாய்க்குக் கரண்ட் கொடுக்கிறோம் என்று கேட்டதும் அஞ்சுபவர்களும் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது வகையினர்தான். "பூச்சு அடித்துத்தானே புதைத்திருக்கிறது, இனி என்ன பயம்?" என்று குழாயை மறந்துவிடுகிறவர்கள் அவர்கள். குழாய் வேலையிலேயே இருக்கும் சிலரிடமும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

மாமாவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது

கவ்வாத்துக் கத்தியை மாலையில் துடைக்காமல் ஈரச் சாக்கின் மேல் வைத்துவிட்டால் காலையில் என்ன ஆகும்? கத்தி முழுவதும் ஒரே சீராகத் துருப்பிடிப்பதில்லை. சில இடங்களில் செம்மஞ்சள் திட்டு விழும், சில இடங்கள் அப்படியே பளபளக்கும். ஒரே கத்திதான், ஒரே இரும்புதான். ஆனாலும் ஓரிடம் இழக்கிறது, இன்னோரிடம் தப்புகிறது. அரிப்பு என்பதன் முழு இரகசியமும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் தங்கள் இலத்திரன்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு ஈரத்துக்குள் கரைந்து போகின்றன. கரையும் அந்த இடத்துக்கு அனோட்டு என்று பெயர். விடப்பட்ட இலத்திரன்கள் இரும்பின் வழியாகவே ஓடி இன்னோரிடத்தை அடைகின்றன. அங்கே காற்றிலிருந்து வந்த ஒட்சிசனும் நீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. வாங்கும் இடம் கதோட்டு. கதோட்டில் இரும்பு கரைவதில்லை. இரண்டுக்கும் இடையே ஈர மண் மின்னைக் கடத்தி வட்டத்தை முடித்துவைக்கிறது. ஆக, துருப்பிடிக்கும் இரும்புக்குள் சின்னஞ்சிறு பற்றரி ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது.

மலைநாட்டு மண் இந்தப் பற்றரிக்கு நல்ல இடம். தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும், பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடி செழிக்கும். அதே அமிலம் இரும்பைக் கரைக்கத் துணை நிற்கிறது. மழையும் ஓய்வதில்லை. மேட்டில் காற்றோட்டமான சரளை மண், பள்ளத்தில் நீர் கோத்த களிமண் என்று நூறு அடிக்குள் மண் மாறிவிடும். ஒரே குழாய் இரண்டையும் கடந்து போனால், காற்றுப் புகாத களிமண்ணில் கிடக்கும் பகுதி அனோட்டாகிக் கரையும். மேட்டிலிருக்கும் பகுதி கதோட்டாகித் தப்பும்.

இதுவரை சொன்னது: இரும்பு கரைவது ஒரு மின்செயல். கரையுமிடம் அனோட்டு, தப்புமிடம் கதோட்டு, நடுவே ஈர மண்.

பூச்சு என்னும் படங்கு

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் படங்கு கட்டுகிறார்கள். உடம்புக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு. குழாயின் பூச்சும் அதே வேலைதான். பழைய குழாய்களில் தார்ப் பூச்சு இருக்கும். இன்று எபொக்சி என்னும் கெட்டிப்படும் பிசினும், அதன்மேல் பொலித்தீன் உறையும் வருகின்றன. ஈரம் இரும்பைத் தொடாவிட்டால் பற்றரி இல்லை.

ஆனால் குறையே இல்லாத பூச்சை நான் இதுவரை பார்த்ததில்லை. தொழிற்சாலையிலிருந்து நல்லபடியாக வரும் குழாயைச் சங்கிலியால் தூக்கும்போது உரசும். பள்ளத்தை மூடும்போது கூரான கல் ஒன்று குத்தும். இரண்டு குழாய்களைப் பற்றவைத்த பொருத்து, வெயிலிலும் தூசியிலும் நின்று கையால் பூசப்படுவது. குறை அதிகம் அங்கேதான். நம் சரிவுகளில் மண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், அதுவும் பூச்சை இழுத்துக் கிழிக்கும். பூச்சில் விட்டுப்போன இடத்தைத் தொழிலில் 'ஹொலிடே' என்பார்கள். பூசியவனின் தூரிகை அந்த இடத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டது என்று பொருள். நான் இனிக் காயம் என்றே எழுதுகிறேன்.

கேட்பவர்கள் நம்ப மறுக்கும் இடத்துக்கு வருகிறேன். பெரிய கிழிசலைவிட ஊசித் துளை சில வேளைகளில் ஆபத்தானது. மாமாவும் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இரும்பிலிருந்து ஓர் அம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுக்க மண்ணுக்குள் வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு கரைந்து போகும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி அம்பியர், ஆண்டுக்கு 9 கிராம் கரைக்கும். குழாயின் சுவர் 6 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். காயம் ஒரு சதுர சென்ரிமீற்றர், சுண்டுவிரல் நகமளவு. அந்த இடத்தில் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் வரை இருக்கும் இரும்பின் மொத்த எடையே 5 கிராமுக்குக் குறைவு. அந்த ஒரு மில்லி அம்பியர் முழுவதும் அந்த ஒரு காயத்தின் வழியே வெளியேறினால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் குழாய் துளைபட்டுவிடும். அதே மின்னோட்டம் ஒரு சதுர மீற்றர் திறந்த இரும்பில் பரவி வெளியேறினால் சுவரில் ஒரு கீறல் அளவுகூடத் தேயாது. பூச்சு நன்றாக இருக்கும் குழாயில், வேறெங்கோ கதோட்டாக நிற்கும் பெரிய உலோகப் பரப்பு ஒன்றுடன் தொடர்பும் இருந்துவிட்டால், கரைவதற்கு இருக்கிற வாசல் அந்தச் சிறு துளை ஒன்றுதான்.

"அப்படியென்றால் பூச்சே அடிக்காமல் விடலாமே" என்றார் மாமா. விடலாம், குழாய் முழுவதும் மெல்ல மெல்லப் போய்விடும். பூச்சு வேண்டும். பூச்சு மட்டும் போதாது.

இரண்டாவது காவல்

லயத்துக் கூரைத் தகரத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள். புதுத் தகரமாக இருந்தால் கீறலில் இரும்பு தெரிந்தாலும் அங்கே துரு வராது. தகரத்தின் மேலிருக்கும் நாகப் படை, அதாவது துத்தநாகம், இரும்பைவிட எளிதில் கரையக்கூடியது. கீறல் விழுந்ததும் நாகம் அனோட்டாகித் தான் கரைகிறது, இரும்பைக் கதோட்டாக்கிக் காக்கிறது. நாகம் தீர்ந்த பிறகுதான் கூரை ஒழுகத் தொடங்கும்.

இந்த உத்தியை முதன்முதலில் அறிந்து பயன்படுத்தியவர் ஹம்ப்ரி டேவி. 1824ஆம் ஆண்டு, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்புறச் செப்புத் தகடுகள் உப்புநீரில் அரிபடுவதைத் தடுக்க, அவற்றுடன் நாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் அதன் நஞ்சும் நீரில் இல்லாமல் போய், கடற்சிப்பிகள் கப்பலடியில் ஒட்டி வளரத் தொடங்கின! அறிவியல் சரியாக இருந்தும் கடற்படை அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

குழாய்க்குச் சிப்பித் தொல்லை இல்லை. ஒரு குழாயை முழுவதும் கதோட்டாக்கிவிடுவதற்குக் கதோட்டுப் பாதுகாப்பு என்று பெயர். குழாயருகே மக்னீசியக் கட்டிகளைப் புதைத்துக் கம்பியால் இணைப்பது ஒரு வழி. நீண்ட குழாய்களுக்கு, மின்சாரத்தை நேரோட்டமாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாக, மாற்றும் பெட்டி ஒன்றை வைத்து, தொலைவில் புதைத்த அனோட்டுகளிலிருந்து மண்ணின் வழியாகக் குழாயை நோக்கி மின்னோட்டத்தை அனுப்புவார்கள். 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ரொபர்ட் கூன் ஓர் எரிவாயுக் குழாய்க்கு இதைச் செய்தார். செப்பு சல்பேற்றுக் கரைசலில் நிற்கும் செம்புக் கம்பியை ஒப்பீட்டு அளவுகோலாக வைத்து அளக்கும்போது −0.85 வோல்ற் வரை குழாயைக் கொண்டுவந்தால் அரிப்பு அடங்கும் என்ற அவருடைய அளவைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்.

கரண்ட் என்றதும் அஞ்சுபவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். குழாய்க்கும் அதைச் சுற்றிய மண்ணுக்கும் இடையே இருப்பது ஒரு வோல்ற் அளவுதான். சாதாரண டோர்ச் பற்றரி ஒன்றிலேயே 1.5 வோல்ற் இருக்கிறது.

சுருக்கமாக: பூச்சு முதற்காவல். பூச்சில் காயம்பட்ட இடத்தில் இரும்பைக் காப்பது கதோட்டுப் பாதுகாப்பு. மண்ணிலிருந்து மின்னோட்டம் குழாய்க்குள் நுழைவது காயங்களின் வழியாக மட்டுமே. அடுத்த பகுதி முழுவதும் இந்தக் கடைசி வரியில்தான் நிற்கிறது.

சரிவைக் கொண்டு குழியைக் கண்டுபிடிப்பது

மலையில் பிறந்தவர்களுக்கு நீர் போகும் வழியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் சரிவை உணரும். இப்போது ஒரு வட்டமான பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துவாரம், சுற்றிலுமிருந்து நீர் அதற்குள் இறங்குகிறது. புல் மூடிக் கிடப்பதால் துவாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு கால்களையும் ஒரு மீற்றர் இடைவெளியில் வைத்து நின்றால் எந்தக் கால் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் துவாரம். கிட்டப் போகப் போகச் சரிவு கூடும். துவாரத்தைத் தாண்டிவிட்டால் மற்றக் கால் தாழும். இரு கால்களும் சம உயரத்தில் நின்றால் துவாரம் சரியாக நடுவில்.

குழாயின் காயத்தைச் சுற்றிய மண்ணிலும் இப்படியொரு பள்ளம் இருக்கிறது. உயரத்துக்குப் பதில் மின்னழுத்தம், நீருக்குப் பதில் மின்னோட்டம். மண்ணின் வழியாக வரும் மின்னோட்டம் எல்லாத் திசைகளிலிருந்தும் அந்தச் சிறு காயத்தில் வந்து குவிவதால், காயத்துக்கு அருகே நெருக்கடி அதிகம், அழுத்தச் சரிவும் செங்குத்து. இந்தச் சரிவை அளந்துகொண்டே நடப்பதுதான் என் வேலை. தொழிலில் இதற்கு டி.சி.வி.ஜி. என்று பெயர், நேரோட்ட மின்னழுத்தச் சரிவு ஆய்வு என்று சொல்லலாம்.

தடிகள் இரண்டும்தான் என் கால்கள். ஒவ்வொரு தடியின் நுனியிலும் ஒரு குப்பி, அதற்குள் செம்புக் கம்பி, அதைச் சுற்றி மயில்துத்தக் கரைசல். கொப்புள நோய்க்குத் தேயிலையில் செம்பு மருந்து தெளித்தவர்களுக்கு இந்த நீல நிறம் பழக்கம். செப்பு சல்பேற்று என்பது மயில்துத்தமேதான். கரைசல் நுண்துளையுள்ள அடைப்பின் வழியே கசிந்து மண்ணைத் தொடுகிறது. வெறும் இரும்புக் கம்பியை ஊன்றினால் அதுவே மண்ணுடன் சேர்ந்து தனக்கென ஓர் அழுத்தத்தை உண்டாக்கி அளவைக் குழப்பும். மயில்துத்தத்தில் நிற்கும் செம்பு நிலையாக நிற்கும். இரண்டு தடிகளுக்கும் நடுவே, பூச்சியம் மையத்தில் உள்ள முள்மானி.

ஒரு சிக்கல் உண்டு. மண்ணில் நம்முடைய மின்னோட்டம் மட்டுமா ஓடுகிறது? வேறு இயந்திரங்களின் கசிவு மின்னோட்டங்கள் உண்டு, மண் வேறுபாட்டால் தானாக எழும் அழுத்தங்கள் உண்டு. நம்முடையதை எப்படிப் பிரித்தறிவது? பனிமூட்டம் இறங்கிய இரவில் எதிர்மலையில் பத்து விளக்குகள் மங்கலாகத் தெரிகின்றன. அதில் உங்கள் தம்பியின் டோர்ச் எது? அவனை அணைத்து அணைத்து எரியவிடச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். அதையேதான் செய்கிறோம். பாதுகாப்பு மின்னோட்டத்தை விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிறோம். முள் அதே தாளத்தில் துடித்தால் அது நம் மின்னோட்டம். துடிக்காமல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் அது வேறு யாருடையதோ.

குழாய் எந்தக் கோட்டில் போகிறது என்பதை வேறொரு கருவியால் முதலில் குறித்துக்கொண்டு, அதன்மேல் தடிகளை முன்னும் பின்னுமாக ஊன்றி நடப்போம். நீண்ட தூரம் முள் அசையாது. பிறகு மெல்லத் துடிக்கும், காயம் இருக்கும் திசையைக் காட்டும். நெருங்க நெருங்கத் துடிப்பு பெரிதாகும். தாண்டியதும் எதிர்ப்பக்கம் துடிக்கும். திரும்பி வந்து, துடிப்பே இல்லாத சமநிலை இடத்தைப் பிடித்து, அங்கே குழாய்க்குக் குறுக்காகவும் ஒருமுறை பார்ப்போம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஒரு முளை அடிப்போம். தோண்டும்போது பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் காயம் இருக்கும். முதன்முறை என் முளைக்குக் கீழே, உரிந்த பொலித்தீனையும் ரூபாய்க் குற்றியளவு வெற்று இரும்பையும் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த உணர்வு குறையவில்லை.

எந்தக் காயத்தை முதலில் தோண்டுவது

பத்துக் கிலோமீற்றரில் ஐம்பது காயங்கள் அகப்படலாம். எல்லாவற்றையும் தோண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு காயத்திலும் மண்ணில் விழும் மொத்த அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்போம். காயத்துக்கு நேர் மேலிருந்து பக்கவாட்டில் விலகிச் சென்று அளக்கிறோம்: 60, 30, 15, 10, 5 மில்லிவோல்ற், அதற்கப்பால் ஒன்றுமில்லை. கூட்டினால் 120. அந்த இடத்தில் குழாயிலேயே நம் துடிப்பு, அதாவது மின்னோட்டத்தைக் கொடுக்கும்போதும் நிறுத்தும்போதும் குழாயின் அழுத்தம் மாறும் அளவு, 400 மில்லிவோல்ற் என்றால், 120ஐ 400ஆல் வகுத்து 30 வீதம். பொதுவாக 15 வீதத்துக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு மின்னோட்டமே அதைப் பார்த்துக்கொள்ளும். 35 வரை இடத்தைப் பொறுத்து முடிவெடுப்பார்கள். அதற்கு மேல் பழுதுபார்ப்பது நல்லது, 60ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது.

இந்த வீதம் காயம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்குத்தான் குறிப்பு. இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அந்த இடம் போதிய பாதுகாப்புப் பெறுகிறதா என்பதையும் சொல்லாது. அதற்கு இன்னோர் ஆய்வு உண்டு: குழாயுடன் மெல்லிய கம்பி ஒன்றை இணைத்து, அதை விரித்துக்கொண்டே நடந்து, ஏறக்குறைய மீற்றருக்கு ஒருமுறை குழாயின் அழுத்தம் −0.85 வோல்ற்றை எட்டுகிறதா என்று பார்ப்பது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் ஆபத்தான காயம் எது என்று தெளிவாகும். முன்பு சொன்ன ஊசித் துளையை நினைவுகொள்ளுங்கள். வீதம் சிறிதாக இருந்தாலும் பாதுகாப்பு எட்டாத இடத்தில் அது இருந்தால் நான் விட்டுவரமாட்டேன்.

முள் காட்டாத குறை

இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மழையில் படங்கு கட்டியும் உள்ளே நனைந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறோம். படங்கில் ஓட்டையில்லை, மேலே எங்கோ புகுந்த நீர் உட்பக்கமாக இறங்கியிருக்கும். குழாய்ப் பூச்சும் சில வேளைகளில் கிழியாமலே இரும்பைவிட்டு எழும்பி, உள்ளே ஈரம் சேர்ந்துவிடும். வெளியே உறை முழுதாக இருப்பதால் பாதுகாப்பு மின்னோட்டம் உள்ளே போகாது. மின்னோட்டம் போகாத இடத்தில் அழுத்தச் சரிவும் இல்லை, முள் அசையாது. அரிப்பு மட்டும் நடக்கும். இத்தகைய குறைக்குக் குழாயின் உள்ளே கருவி அனுப்பிச் சுவரின் தடிப்பை அளப்பது போன்ற வேறு வழிகள்தான் கைகொடுக்கும்.

நம் பக்கத்துக் குழாய்கள்

இலங்கையில் இந்த ஆய்வுக்கு மிகப் பொருத்தமானவை எண்ணெய்க் குழாய்கள். கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்குப் போகும் குழாய்களைப் போல. மலைநாட்டில் அத்தகையவை இல்லை. ஊற்றிலிருந்து பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புப் பொலித்தீன் குழாயும், பி.வி.சி. குழாயும் துருப்பிடிப்பதே இல்லை, அவற்றுக்கு இந்த ஆய்வு பொருந்தாது. பழைய நாகம் பூசிய ஜி.ஐ. குழாய்களுக்கும் பொருந்தாது. அவற்றின் மேல் மின்னைத் தடுக்கும் உறை இல்லை. குழாய் முழுவதுமே திறந்த காயம். பூச்சுடன் புதைத்த உருக்குக் குழாய் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் இந்த முள்ளுக்கு வேலை. அப்படியொன்று நம் சரிவுகளில் இருந்தால், காயம் இருக்கும் இடத்தைச் சரியாகக் குறிப்பது இரட்டிப்பு முக்கியம். மழைக்காலத்தில் சரிவில் தேவையில்லாமல் ஒரு குழி வெட்டுவதுகூட மண்ணைச் சரியவைக்கும்.

இவ்வளவும் கேட்ட மாமா, "கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்" என்றார். ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினில் தேயிலை மலை மண்ணை ஈரமாக்கி நிரப்பினேன். உறையுள்ள செம்பு வயர் ஒன்றில், அவர் பார்க்காதபோது, நடுவே ஓரிடத்தில் அரைச் சென்ரிமீற்றர் உறையைச் சுரண்டிவிட்டு, மறுமுனையை டேப்பால் அடைத்துப் புதைத்தேன். 9 வோல்ற் பற்றரியின் மறை முனையை வயரிலும், நேர் முனையைப் பேசினின் தொலைவோரத்தில் குத்திய ஓர் ஆணியிலும் இணைத்தேன். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் நான்கு விரல் இடைவெளியில் பிடித்து மண்ணைத் தொட்டுத் தொட்டு நகர்த்தச் சொன்னேன். எண் ஏறியது, ஏறியது, சட்டென்று குறி மாறியது. மாமா நிறுத்தி, திரும்பி வந்து, ஓரிடத்தில் விரலை விட்டுக் கிளறினார். சுரண்டிய செம்பு பளிச்சென்று இருந்தது.

வயரை மறுபடி மண்ணால் மூடிவிட்டு, "பற்றரியின் முனைகளை மாற்றிக் கொடுத்தால்?" என்று கேட்டார். மாற்றிக் கொடுத்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போனோம். மறுநாள் காலை அவர்தான் முதலில் எழுந்து பேசினைக் கிளறிப் பார்த்திருக்கிறார். நான் போனபோது, மெலிந்து கருத்துப்போன அந்தச் செம்பையும் அதைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்த மண்ணையும் உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.